அடியிலே எச்சரிக்கை, நடுவிலே அழைப்பு!

வெள்ளித்திரையிலே கதாநாயகன் தோன்றுகிறான். முதலில் தெரிவது முகமன்று, கால். பிறகு கை. அந்தக் கையிலே சிகரெட்! மேலே எறிகிறான், உதட்டாலே பற்றுகிறான், தீப்பொறி பறக்கிறது, இசை முழங்குகிறது, கொட்டகை அதிர்கிறது. அதே வேளையில் திரையின் அடியோரத்திலே, எறும்பு வரிசைபோலச் சில எழுத்துகள் நிற்கின்றன: புகை பிடித்தல் உடல் நலத்துக்குக் கேடு. அதைப் படித்தவர் எத்தனை பேர்? படித்துப் பதைத்தவர் எத்தனை பேர்? முன்வரிசையிலே வாய்பிளந்து அமர்ந்திருக்கும் பத்து வயதுச் சிறுவன் எதைக் கண்டான்? எழுத்தையா, எறிந்து பிடித்த வித்தையையா?

எச்சரிக்கை இருப்பது அடியிலே. அழைப்பு இருப்பதோ திரையின் நடுவிலே! அந்த அழைப்பைப் படைத்த கலையையும், அந்த எச்சரிக்கையை ஒட்டிய சட்டத்தையும் ஒருசேர எடைபோட்டுப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இப்பொருள் குறித்து இரு சாரார் வாதிடக் கேட்கிறோம். கலையுலகினர் கூறுவர்: “வாழ்க்கையில் உள்ளதைத்தானே காட்டுகிறோம்? நாட்டிலே புகைப்பவன் இருக்க, திரையிலே மட்டும் அவன் இருக்கலாகாதோ? காட்சிதோறும் கத்தரிக்கோல் நீண்டால் கலை தழைக்குமோ?” நலம் நாடுவோர் கூறுவர்: “கலை பிறகு தழைக்கட்டும், முதலிலே பிள்ளைகள் பிழைக்கட்டும்!” இருவர் வாதத்திலும் உண்மை உண்டு; இருவர் வாதத்திலும் ஓட்டையும் உண்டு. பாதி உண்மையைப் பற்றிக்கொண்டு மீதியை மறப்பது பகுத்தறிவாளர்க்கு அழகன்று.

முதலிலே, “படம் பார்த்தா பிள்ளை கெடுகிறான்?” என்று எள்ளி நகைப்போரைக் கவனிப்போம். 2003-ஆம் ஆண்டில் ‘லான்செட்’ எனும் மருத்துவ இதழிலே ஓர் ஆய்வு வெளிவந்தது. அமெரிக்க நாட்டின் வடகிழக்குப் பகுதியிலே, 10 முதல் 14 வயது வரையிலான, அதுவரை சிகரெட்டைத் தொட்டறியாத 2,603 சிறுவர் சிறுமியரை ஆய்வாளர்கள் தொடர்ந்து கவனித்தனர். திரையிலே புகைக்கும் காட்சிகளை மிகுதியாகக் கண்ட பிள்ளைகள், மிகக் குறைவாகக் கண்டவர்களைவிட இரண்டரை மடங்குக்கும் மேலாகப் புகைக்கத் தொடங்கும் நிலையிலே இருந்தனர். இதனினும் வியப்பான செய்தி ஒன்றுண்டு. பெற்றோர் புகைக்காத வீட்டுப் பிள்ளைகளிடத்தே அந்தத் தாக்கம் இன்னும் வலுவாகத் தெரிந்தது! வீட்டிலே இல்லாத ஆசானைத் திரையிலே கண்டுகொண்டனர் போலும்.

ஒரே ஓர் ஆய்வை நம்பி முடிவு கட்டலாமா என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். அதன்பின் பல நாடுகளிலும் ஆய்வுகள் குவிந்தன. அனைத்தையும் ஆராய்ந்த அமெரிக்க அரசின் தலைமை மருத்துவர் அறிக்கை, திரைப்படத்திலே புகைக்கும் காட்சிகளுக்கும் இளைஞர் புகைக்கத் தொடங்குவதற்கும் காரண காரியத் தொடர்பு உண்டு என்று 2012-இல் உறுதிபடக் கூறியது. பேய் பிசாசுக் கதைக்குச் சான்று கேட்கும் நாம், சான்று வந்து வாயிலில் நிற்கும்போது கதவைச் சாத்தலாமா?

நம் நாட்டு நிலை என்ன? 2019-இல் இந்தியப் பள்ளிகளிலே எடுக்கப்பட்ட இளைஞர் புகையிலைக் கணக்கெடுப்பின்படி, 13 முதல் 15 வயதுக்குட்பட்ட மாணவருள் 8.5 விழுக்காட்டினர் ஏதேனும் ஒரு வடிவிலே புகையிலையைப் பயன்படுத்தி வந்தனர். நாற்பது பேர் அமர்ந்த வகுப்பென்றால், மூவர் நால்வர்! ஆசிரியப் பணியிலே இருக்கும் நமக்கு இது வெறும் எண்ணாகத் தோன்றவில்லை. சுண்ணக்கட்டியை இரு விரலிடுக்கிலே பற்றி, தலையைச் சாய்த்து, இல்லாத புகையை வானோக்கி ஊதிக் காட்டும் சிறுவனை எந்த ஆசிரியர் கண்டதில்லை? அச்சிறுவன் நடிப்பது தன் தந்தையை அன்று. தந்தை புகைப்பது திண்ணையிலே, களைப்பிலே, இருமலுக்கு இடையிலே. இவன் நடிப்பதோ திரைநாயகனை! தோளின் சாய்வும் புருவத்தின் நெளிவும் அதற்குச் சான்று கூறும்.

ஆகவே தீங்கு உண்டு, ஐயமில்லை. அத்தீங்கைத் தடுக்க ஆட்சியாளர் செய்தது என்ன?

தமிழ்நாட்டிலே 2002-இல் ‘பாபா’ படம் வந்தபோது, அதிலே கதாநாயகன் புகைக்கும் காட்சிகளைப் பாட்டாளி மக்கள் கட்சி வன்மையாக எதிர்த்தது. 2003-இல் புகையிலைப் பொருள்களின் விளம்பரத்தைத் தடுக்கும் சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியது. வாயிற்கதவை அடைத்தால் விளம்பரம் சாளரம் வழியே நுழையும், அந்தச் சாளரம் திரைப்படம் என்று கருதிய நடுவண் அரசு, 2005-இல், அன்புமணி இராமதாசு நலவாழ்வு அமைச்சராக இருந்த காலத்தில், திரையிலும் தொலைக்காட்சியிலும் புகைக்கும் காட்சிகளையே தடை செய்யும் விதியை அறிவித்தது. படத்துறையினர் வழக்குமன்றம் ஏறினர். 2009 சனவரியிலே தில்லி உயர்நீதிமன்றம் அத்தடை செல்லாது என்றது. உச்சநீதிமன்றமோ அத்தீர்ப்பை நிறுத்திவைத்தது.

இந்த இழுபறியின் முடிவிலே பிறந்த பிள்ளைதான் சமரசம். 2012 அக்டோபர் 2 முதல் நடப்புக்கு வந்த விதியின்படி, புகைப்பதைக் காட்டலாம்; ஆனால் படத்தின் தொடக்கத்திலும் இடையிலும் 30 நொடி நலவாழ்வுக் குறும்படம் காட்டவேண்டும்; 20 நொடி எச்சரிக்கை உரை ஒலிக்கவேண்டும்; புகைக்கும் காட்சி ஓடும்போதெல்லாம் அடியிலே எச்சரிக்கை எழுத்து நிற்கவேண்டும். இணையவழித் திரைக்கும் இதுபோன்ற விதிகள் 2023 செப்டம்பர் 1 முதல் வந்துவிட்டன.

நல்ல எண்ணத்திலே பிறந்த விதி, மறுக்கவில்லை. ஆனால் திறனாய்வு நோக்கிலே பார்க்கும்போது ஒரு பெருங்குறை புலப்படுகிறது. இவ்விதிக்குக் கண் உண்டு, கருத்து இல்லை! சிகரெட்டைக் காண்கிறது, காட்சியின் பொருளைக் காணவில்லை.

இரண்டு காட்சிகளை எண்ணிப் பாருங்கள். ஒன்று, நாம் மேலே கூறிய நாயகன் வருகை. மற்றொன்று இது: ஆலையிலே உழைத்து ஓய்ந்த முதியவர் ஒருவர் கயிற்றுக் கட்டிலிலே கிடக்கிறார். நெஞ்சைப் பிளக்கும் இருமல். மகள் மருந்துக்குப் பணமின்றி மூக்குத்தியைக் கழற்றுகிறாள். முதியவரின் நடுங்கும் கை தலையணைக்கடியிலே துழாவி ஒரு பீடியை எடுக்கிறது. மகள் அதைக் காண்கிறாள், ஒன்றும் பேசவில்லை. இக்காட்சியைக் கண்ட சிறுவன் பீடியை நாடுவானா? ஒரு நூறு எச்சரிக்கை எழுத்து செய்யாததை அந்த ஒரு காட்சி செய்துவிடுமே! எனினும் சட்டம் என்ன செய்கிறது? நாயகனின் வித்தைக்கு அடியிலும் அதே வரி. முதியவரின் வேதனைக்கு அடியிலும் அதே வரி. நஞ்சுப் புட்டிக்கும் மருந்துப் புட்டிக்கும் ஒரே சீட்டை ஒட்டும் கடைக்காரனை என்னென்பது?

எங்கும் ஒட்டிய சீட்டை எவரும் படிப்பதில்லை. சீட்டுப் பழகிவிடுகிறது; கண் கடந்துவிடுகிறது. தொடக்கத்திலே ஓடும் நலவாழ்வுக் குறும்படத்தின் உரையைச் சிறுவர்கள் மனப்பாடமாக ஒப்பித்து, அதன் குரலைப் போலவே பேசிச் சிரிக்கக் கேட்டிருக்கிறோம். துயரத்தின் குரலைக் கேலிக்குரியதாக மாற்றியது அச்சிறுவரின் கல்நெஞ்சமா? இல்லை. படந்தோறும், இடந்தோறும், பொருத்தம் பாராமல் ஒலித்த பழக்கத்தின் விளைவு அது!

இதனினும் பெரிய வேடிக்கை ஒன்று. எச்சரிக்கை எழுத்து சுங்கச்சாவடியாகிவிட்டது. வரியைக் கட்டியவன் எந்த வண்டியையும் ஓட்டலாம்! அடியிலே ஒரு வரி ஓடவிட்டால் போதும், நடுவிலே எத்தனை பாடல் காட்சியிலும் நாயகன் புகைத்துக்கொண்டே ஆடலாம். ஆனால் அவ்வரியைத் தன் படத்திலே சேர்க்க உடன்படாத வுடி ஆலனின் ‘புளூ சாஸ்மின்’ 2013-இல் இந்தியத் திரையரங்குகளுக்கு வராமலே போயிற்று. அப்படத்திலே புகைக்கும் காட்சிகள் இரண்டே இரண்டு! பிள்ளைகள் பார்க்கப்போகாத படம் நின்றுவிட்டது. பிள்ளைகள் மொய்க்கும் படங்கள் சுங்கம் செலுத்திவிட்டுச் சிறப்பாக ஓடுகின்றன. யாரைக் காக்கப் பிறந்த விதி, யாரைத் தடுத்து நிறுத்தியது பார்த்தீர்களா?

எச்சரிக்கையை ஒட்டிவிட்டால் கடமை முடிந்தது என்ற இந்த மனப்போக்கு புதியதன்று. 1989-இல் வெளிவந்த ‘லைசன்சு டு கில்’ எனும் சேம்சு பாண்டு படத்திலே தன் ‘லார்க்’ சிகரெட் இடம்பெறுவதற்காகப் பிலிப் மோரிசு நிறுவனம் 3,50,000 டாலர் கொடுத்தது. அதே படத்தின் இறுதியிலே, பெயர்கள் ஓடி முடியும் வேளையிலே, புகைத்தலின் தீமை பற்றிய அரசு எச்சரிக்கையும் காட்டப்பட்டது! படத்தின் உள்ளே பணம் பெற்ற சிகரெட்; படத்தின் வாலிலே பண்பு கூறும் வாசகம். எழுந்து செல்வோரின் முதுகுக்கு எச்சரிக்கை காட்டிய அந்தக் கலையை என்ன பெயரிட்டு அழைப்பது?

அமெரிக்க வழக்குமன்றங்களிலே புகையிலை நிறுவனங்களின் உள்ஏடுகள் வெளியானபோது இத்தகைய பேரங்கள் பல உலகுக்குத் தெரிந்தன. 1998-இல் 46 மாநிலங்களோடு செய்துகொண்ட உடன்படிக்கையின்படியே, படங்களிலே தம் பொருளைக் காட்டப் பணம் தருவதை அந்நிறுவனங்கள் கைவிட வேண்டியதாயிற்று. “வாழ்க்கையில் உள்ளதைத்தான் காட்டுகிறோம்” என்ற வாதத்தின் ஓட்டை இங்கேதான் இருக்கிறது. காட்டியவன் கலைஞன், காட்டச் சொல்லிக் காசு நீட்டியவன் வணிகன்! வாழ்க்கையைக் காட்டுவதென்றால் இருமலையும் காட்டவேண்டுமே, மருத்துவமனை வரிசையையும் காட்டவேண்டுமே! புகையின் சுருளை மட்டும் காட்டிப் புகையின் முடிவை மறைப்பது, வாழ்க்கையைக் காட்டுவதாகுமா? அரைவாசி வாழ்க்கையை வெட்டி எறிந்த அக்கலையும் ஒருவகைத் தணிக்கைதானே!

சரி, ஆட்சியாளரின் கை தூய்மையானதா? அரசுக்குச் சொந்தமான ஆயுள் காப்பீட்டுக் கழகத்தின் கையிலே, நாட்டின் மிகப்பெரிய சிகரெட் நிறுவனமான ஐ.டி.சி.யின் பங்குகளுள் ஏறத்தாழ 15 விழுக்காடு இருக்கிறது. ஆயுளைக் காக்கும் கழகம். ஆயுளைக் குறைக்கும் சரக்கிலே பங்கு! கல்விக்கூடத்திலிருந்து 100 கெசத் தொலைவுக்குள் புகையிலை விற்கலாகாது, 18 வயது நிரம்பாதவர்க்கு விற்கலாகாது என்பது 2003-ஆம் ஆண்டுச் சட்டம். மீறினால் தண்டம் எவ்வளவு? 200 ரூபாய் வரை! பள்ளிக்கருகே பெட்டிக்கடையிலே சிகரெட்டை ஒவ்வொன்றாக வாங்கிவிடலாம் என்றால், திரையின் அடியிலே ஓடும் எழுத்து யாரைத் தடுக்கும்?

புகையோடு முடிந்ததா கதை? 2016-17-ஆம் ஆண்டு நாடளாவிய கணக்கெடுப்பின்படி, வயது வந்த இந்தியருள் புகைப்போர் 10.7 விழுக்காடு, மெல்லும், சுவைக்கும், முகரும் புகையிலையைப் பயன்படுத்துவோரோ 21.4 விழுக்காடு, சரியாக இரு மடங்கு! அச்சரக்குகளின் பெயரையே தாங்கி, ஏலக்காய் என்றும் பாக்கு என்றும் வேடம் புனைந்து, புகழ்மிகு நடிகர்கள் முகம் காட்டும் விளம்பரங்கள் கிரிக்கெட் ஆட்டத்தின் நடுவே வருகின்றன. அவற்றின் அடியிலே எழுத்து ஓடுவதில்லை. சிகரெட்டைக் கண்டால் சீறும் விதி, வேடம் புனைந்த சரக்கைக் கண்டால் வணங்கி வழிவிடுகிறது!

அப்படியானால், “அறவே வெட்டி எறியுங்கள், ஒரு புகைச்சுருளும் திரையிலே தெரியலாகாது” என்று நாம் கூறலாமா? அங்கேதான் நாம் நின்று நிதானிக்கிறோம். கத்தரிக்கோலின் கூர்மையை ஏட்டிலே படித்து அறிந்தவரல்லர் நம் இயக்கத்தார். மேனியிலே பட்டு அறிந்தவர். 1954-இல் அன்றைய சென்னை அரசு நாடக நிகழ்ச்சிச் சட்டம் கொண்டுவந்தது. அதன் குறி எம்.ஆர்.இராதாவின் நாடகங்கள் என்பதை நாடறியும். ‘மக்கள் மனம் புண்படும்’ என்பதே அன்று கூறப்பட்ட காரணம். அச்சட்டத்தைச் சென்னை உயர்நீதிமன்றம் செல்லாதென்று அகற்றியது 2013-இல்! ஏறத்தாழ அறுபது ஆண்டுகள்! மக்களைக் காக்கவென்று உறையிலிருந்து எடுத்த கத்தி மீண்டும் உறைக்குள் செல்ல எத்தனை காலம் பிடிக்கிறது பாருங்கள். இன்று சிகரெட்டை வெட்டப் பழகிய கை, நாளை சிந்தனையை வெட்ட நீளாது என்பதற்கு யார் உறுதி?

ஆயினும் ஒரு வேறுபாட்டை மறக்கலாகாது. இராதாவின் நாடகம் கேள்வி கேட்டது. கேட்போனைச் சிந்திக்கச் சொன்னது. நாயகனின் சிகரெட் எந்தக் கேள்வியையும் எழுப்பவில்லை. சிந்தியாமல் பின்பற்றச் சொல்கிறது. மேலும், வயது வந்தவன் தன் விருப்பத்தை எடைபோட வல்லவன். பத்து வயதுப் பிள்ளை அல்லன். வயது வந்தோர்க்குக் கத்தரிக்கோல் கூடாது. பிள்ளைக்கு வாயிலிலே காவல் வேண்டும். இவ்விரண்டும் ஒன்றையொன்று மறுப்பனவல்ல.

அந்தக் காவல் எது? உலக நலவாழ்வு நிறுவனம் தந்த பரிந்துரைகளிலே ஒன்று, புகைக்கும் காட்சிகளைக் கொண்ட படங்களுக்கு வயது வந்தோர்க்கான சான்று தரவேண்டும் என்பது. 2023-இல் திருத்தப்பட்ட நம் திரைப்படச் சட்டம் ‘யு/ஏ’ சான்றை 7, 13, 16 என மூன்று வயதுப் படிகளாக வகுத்திருக்கிறது. ஆனால் இது பெற்றோர்க்குக் கூறும் அறிவுரை மட்டுமே. கொட்டகை வாயிலிலே பிள்ளையைத் தடுக்கும் ஆற்றல் ‘ஏ’ சான்றுக்கே உண்டு. ஆகவே நாம் கூறுவது இதுதான்: புகைத்தலை வீரமாகவும் கவர்ச்சியாகவும் காட்டும் படத்துக்கு ‘ஏ’ சான்று தருக. புகையின் கேட்டை உள்ளபடி காட்டும் படத்துக்கும், உண்மையிலே புகைத்து வாழ்ந்த வரலாற்று மாந்தரைக் காட்டும் படத்துக்கும் விலக்கு அளித்திடுக. அடியிலே எழுத்து ஓடாவிட்டாலும் கவலையில்லை!

இதனால் ஆகும் பயன் என்ன? கத்தரிக்கோல் தேவைப்படாது. பிள்ளைகளும் குடும்பங்களும் வாங்கும் சீட்டுப் பணத்திலே வாழ்வது பெருநடிகர் படம். அந்தப் பணம் போய்விடும் என்றால், நாயகனின் வாயிலிருந்து சிகரெட்டைத் தயாரிப்பாளரே பிடுங்கி எறிவார்! கதைக்கு உண்மையிலே புகை வேண்டும் என்று கருதும் கலைஞனோ, ‘ஏ’ சான்றோடு தன் படைப்பை ஒரு வரியும் குறையாமல், ஓர் எழுத்தும் ஒட்டாமல் காட்டுவான். “எது பகட்டு, எது படிப்பினை என்று பிரித்தறிவது எளிதா?” என்று கேட்பர். எளிதன்று. ஆனால் ஆபாசம் எது, கலை எது என்று நாள்தோறும் தீர்ப்பளிக்கும் தணிக்கைக் குழுவினர்க்கு இது மட்டும் மலையோ?

சுவரொட்டியின் நிலை வேறு. அங்கே கதையில்லை, காரணமில்லை, அழைப்பு மட்டுமே உண்டு. 2018-இல் ‘சர்க்கார்’ படத்தின் முதல் தோற்றப் படத்திலே நாயகன் வாயிலே சிகரெட் புகைந்தது. தமிழ்நாட்டு மக்கள் நலவாழ்வுத் துறை அறிவிப்பு அனுப்பியது. அப்படம் இணையப் பக்கங்களிலிருந்து அகன்றது. கதையின் ஒரு காட்சியும் குன்றவில்லை, கலை செத்துவிடவில்லை. இத்தகைய நடவடிக்கையை வரவேற்கத் தயக்கமில்லை.

தோழர்களே! சட்டம் செய்ய வேண்டியதைக் கூறினோம். நாம் செய்ய வேண்டியதும் உண்டு. எறிந்து பிடித்த சிகரெட்டுக்குக் கைதட்டியது தணிக்கைக் குழுவா? நாம்தான்! நாயகனின் ஆளுயர உருவத்துக்கு மேலும் இரு ஆள் உயரம் சேர்த்து, வாயிலே சிகரெட்டும் சேர்த்து, பால் ஊற்றி வணங்கியது யார்? கல்லைக் கடவுளாக்கியதைக் கண்டித்த இளைஞன், அட்டையைக் கடவுளாக்கும்போது ஊமையாகலாமா?

படிப்பகந்தோறும் திங்களுக்கு ஒருநாள் ஒரு படத்தை எடுத்து அலசுவோம். பிள்ளைகளையும் அழைத்து அமர்த்துவோம். மூன்று கேள்விகளைக் கேட்கப் பழக்குவோம்: சிகரெட்டைப் பிடித்திருப்பவன் யார்? அவன் அதைப் பற்றவைக்கும்போது இசை ஏன் உயர்கிறது? அதனால் யாருடைய பெட்டியிலே பணம் விழுகிறது? இம்மூன்றுக்கும் விடை தேடத் தொடங்கிய பிள்ளைக்கு அடியிலே எழுத்து வேண்டியதில்லை.

அடுத்த படம் வரும்போது நம் ஊர்க் கொட்டகை முன்னே பதாகை எழும். அதை எழுப்பும் இளைஞரிடம் சென்று, “சிகரெட் இல்லாத படத்தைப் போடுங்கள், பள்ளிப் பிள்ளைகள் செல்லும் வழி இது” என்று எடுத்துரைப்போம். பள்ளிக்கருகே உள்ள கடையை அளந்து பார்த்து, 100 கெசத்துக்குள் இருந்தால் முறையீடு எழுதுவோம். இவ்விரண்டுக்கும் தணிக்கைக் குழுவின் இசைவு தேவையில்லை. நம் கால்கள் நடந்தால் போதும்.